குமுளி தாண்டும் மருந்துச் சீட்டு

கேரளத்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஏழாம் மாதம் வளைகாப்பைப் போட்டு, வண்டன்மேட்டிலிருந்தோ பூப்பாறையிலிருந்தோ தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பத்துக்கும் போடிக்கும் அழைத்து வந்துவிடுவார்கள். வளையல், கலந்த சாதங்கள், துணிமணி எல்லாம் ஜீப்பில் தவறாமல் மலையிறங்கும். கேரளத்தில் ஆறு மாதமாகப் பார்த்த மருத்துவக் குறிப்புகள் மட்டும் சில சமயம் இறங்குவதில்லை. இறங்கினாலும் பாதிதான்.

மருத்துவக் கணக்கில் இந்த ஏழாம் மாதம் சாதாரண மாதமில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்று 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்ப்பார்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 28ஆம் வாரத்தில், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி. பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. மேலே இருக்கும் டாக்டர் ‘அடுத்த தடவை வரும்போது போடலாம்’ என்று நினைத்திருப்பார். அடுத்த தடவை அந்தப் பெண் வேறு மாநிலத்தில், வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கீழே இருப்பவரோ மேலேயே போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இருவரும் கெட்டிக்காரர்கள்தான், இருவர் மேலும் தனித்தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஊசி மட்டும் போடப்படவில்லை.

இதில் மோசமான விஷயம், ஊசி விட்டுப்போனால் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள் அடுத்த கர்ப்பத்தில்தான் குழந்தையின் ரத்த அணுக்களைப் பிடித்து அழிக்கும். அதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். எங்கே, யார் கையில் நழுவியது என்று பிறகு யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நோயாளிப் பாதுகாப்பு என்று உலகம் முழுக்கப் பேசப்படும் துறை கவலைப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான். வயிற்றுக்குள் கத்திரிக்கோலை வைத்துத் தைத்த கதைதான் பேப்பரில் வரும். ஆனால் அது சிறுபான்மை. சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது, அதில் ஏறத்தாழப் பாதி தடுத்திருக்கக்கூடியது, வருடத்துக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதுகாப்பற்ற சிகிச்சையால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தக் கணக்கை முதலில் உரக்கச் சொன்னது அமெரிக்கா. அங்கே மருத்துவமனைத் தவறுகளால் மட்டும் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று 1999இல் ஓர் அறிக்கை வந்தது. கெட்ட டாக்டர்களைத் தேடிப் பிடித்துத் தண்டித்தால் இது குறையாது, நல்ல டாக்டரும் தவறக்கூடிய விதத்தில் வேலை அமைந்திருப்பதுதான் கோளாறு என்று அந்த அறிக்கை சொன்னது. கால் நூற்றாண்டு ஆகியும் நம் ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் சரியாக எடுபடவில்லை. ஒன்று, டாக்டர் தெய்வம். இல்லையென்றால், டாக்டர் கொலைகாரர். நடுவில் இருக்கும் தாள், கையெழுத்து, ஷிஃப்ட் மாற்றம், தொலைபேசி ஆகியவற்றைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

இத்தனைக்கும் அந்த நடுவிடத்தில் கைவைத்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், ஆளை வெளியே அனுப்பும் முன் என்று மூன்று இடத்தில் நின்று 19 விஷயங்களை வாய்விட்டுச் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 சதவீதமாகவும் இறங்கின. மருந்து புதிதில்லை, கருவி புதிதில்லை. அப்புறம், 2014இல் வட அமெரிக்காவின் ஒன்பது குழந்தைகள் மருத்துவப் பிரிவுகளில் டூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லிக் கைமாற்றும் முறையை மட்டும் ஒழுங்குபடுத்தினார்கள். தவறுகள் 23 சதவீதமும், தடுக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன.

ஒரே கட்டடத்துக்குள், ஒரே மொழி பேசுபவர்கள் இரவு டூட்டியிலிருந்து பகல் டூட்டிக்கு மாறும்போதே இவ்வளவு நழுவுகிறது. அப்படியானால் நோயாளி கம்பம்மெட்டு எல்லைச் சாவடி தாண்டும்போது? மாநிலம் மாறுகிறது, எழுத்து மாறுகிறது, காப்பீட்டு அட்டை மாறுகிறது, கம்ப்யூட்டர் மாறுகிறது. என் கணிப்பில், எல்லைப்புறத்து நோயாளிக்கு உள்ள ஆபத்தில் பெரும்பங்கு எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் இல்லை. இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில் இருக்கும் அந்த 30, 40 கிலோமீட்டரில் இருக்கிறது.

மருந்திலிருந்து பார்ப்போம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆட்கள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் வகையிலும் சில குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கேற்ப ஊசியும் இரண்டு: சிவப்பு மூடி போட்டது 40க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100க்கு. குப்பி ஒரு ஊரிலும் ஊசி இன்னொரு ஊரிலும் வாங்குகிறவருக்கு இது கண்ணில் படாமல் போகலாம். டாக்டர் 20 யூனிட் என்று சொல்லியிருக்கிறார். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி, தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆள் சுருண்டு விழுவார். மாற்றிப் போட்டால், அதாவது 40 யூனிட் குப்பியும் ஆரஞ்சு மூடி ஊசியுமாக இருந்தால், உள்ளே போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். பத்தியம் இருக்கவில்லை என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவருக்குத்தான் திட்டு விழும்.

இரட்டை மருந்து இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம். அந்த மாத்திரையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயர்தான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அங்கே தலைசுற்றுகிறது. பக்கத்து கிளினிக்கில் பார்க்கிறார்கள், பிரஷர் அதிகம். கம்பெனிப் பெயரில் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார்கள். அதுவும் அம்லோடிபின்தான், பெயர் வேறு, நிறம் வேறு. அவர் இரண்டையும் விழுங்குவார்; ஏன் விழுங்கமாட்டார், இரண்டும் டாக்டர் கொடுத்ததுதானே. கால் வீங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். டாக்டர்கள் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இலேயே விதியைத் திருத்தியது. அந்த விதி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அருகிலுள்ள மருந்துக் கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இதைவிடக் கறாரானது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று நோயாளி படிக்கிற எழுத்தில் உறைமேல் எழுதியிருக்க வேண்டிய மருந்து அது. எல்லையில் இருக்கும் தமிழர்களில் மலையாளம் பேசினால் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். எழுத்தைப் படிப்பவர்கள் குறைவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று உரிமை தந்திருக்கிறது. மனு எழுதத் தமிழ் செல்லும். அதே உரிமை மாத்திரை உறைக்கும் வந்தால் தேவிகுளம், பீருமேடு, சித்தூர் தாலுக்காக்களில் எத்தனையோ பேருக்கு உபயோகமாக இருக்கும்.

உறை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கிருமிகள் மசியாமல் போவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2018இல் தனிச் செயல்திட்டம் போட்டது. மாநில அளவில் இந்தியாவில் அதுவே முதல். 2024இல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க ‘ஆபரேஷன் அம்ரித்’ தொடங்கி, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீல உறையில் போட்டுத் தரவும் சொன்னது. எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் என்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் உறை குமுளிச் சாவடி தாண்டிக் கீழே வந்ததும் வெறும் நீலத்தாள். இந்தப் பக்கம் அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

தரம் என்றால் கேரளத்தைக் காட்டுவது வழக்கம். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய்மார் இறப்பு கேரளத்தில் 19, ஆந்திரத்தில் 45, தமிழ்நாட்டில் 54, இந்தியச் சராசரி 97. படிப்பு, சாலை, பணம் எல்லாம் காரணம்தான். ஆனால் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இலிருந்து ஒரு வேலை செய்துவருகிறது. தாய் ஒருவர் இறந்தால் அவருடைய மருத்துவக் குறிப்புகளில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிபுணர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். யார் செய்தது என்ற கேள்வி அங்கே கிடையாது. எந்த நிமிடத்தில் என்ன செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது மட்டும். பிரிட்டன் 1952 முதல் செய்துவரும் முறை இது.

அப்படிப் படித்துப் பார்த்தபோது முன்னணியில் நின்ற காரணம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. உடனே பயிற்சி வகுப்புகள், நைஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் துணையோடு தர விதிகள், பிறப்புப் பாதை வழியாகவே கர்ப்பப்பைத் தமனியைப் பிடித்து நிறுத்தும் கவ்வி என்று வேலை நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் டாக்டர் வி.பி. பைலி முக்கியமானவர். தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு தாய் இறப்பும் தணிக்கைக்குப் போகிறது. அந்த வகையில் நாட்டுக்கே முன்னோடி மாநிலம் இது. ஆனால் மாவட்ட ஆட்சியர் முன்னால் வைத்து விசாரிக்கும்போது செவிலியரும் டூட்டி டாக்டரும் முதலில் யோசிப்பது தங்கள் வேலையைப் பற்றித்தான். பயத்தோடு சொல்லப்படும் விவரத்தில் பாதி உண்மை ஒளிந்துகொள்ளும். இரண்டும் வேண்டும்: அரசு கேட்கும் கணக்கும் வேண்டும், பெயரில்லாமல் பேசும் அறையும் வேண்டும். மேலே ஆறு மாதமும் கீழே மூன்று மாதமும் பார்க்கப்பட்ட ஒரு பெண் இறந்தால், இரண்டு பக்கத்துக் காகிதங்களும் ஒரே மேசைக்கு வந்தால்தான் அந்த அறையில் உட்கார்ந்து படிப்பதில் அர்த்தம்.

அவசரத்தில் இந்த நடுவிடம் எவ்வளவு கொடூரமாகும் என்பதற்கு 2017 ஆகஸ்டு சாட்சி. கொல்லம் மாவட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்ட திருநெல்வேலித் தொழிலாளி ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு இரவு முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தார்கள். வென்டிலேட்டர் இல்லை என்றார்கள், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். விடிந்தபோது அவர் இறந்துவிட்டார். முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். இந்தியாவின் மிகச் சிறந்த சுகாதாரக் குறியீடுகள் உள்ள மாநிலத்தில் நடந்தது இது. அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அன்றைய இரவில் சட்டத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது, எந்த ஆஸ்பத்திரியில் இப்போது வென்டிலேட்டர் காலி என்று ஒரே இடத்தில் கேட்டுச் சொல்லும் ஒரு தொலைபேசி. உறவினர் கூட நிற்க வேண்டும் என்ற பழக்கம் உள்ளூர்க்காரருக்குச் சிரமமில்லை. வெளியூர்க் கூலித் தொழிலாளிக்கு அது மூடிய கதவு.

தோட்ட ஜீப்புகள் கவிழ்வது எங்கள் பக்கத்தில் புதுச் செய்தி இல்லை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது, பனி, கொண்டை ஊசி வளைவு. தமிழ்நாட்டு எல்லைக்குள் கவிழ்ந்தால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. அதே ஜீப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்தால் அந்தத் திட்டம் இல்லை. குமுளிக்காரருக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனி ஏறத்தாழ அறுபது. வழியில் போகும் ஜீப் டிரைவருக்கு இது தெரியும், கீழேதான் இறக்குவார். அவர் கையில் யாரும் ஒரு தாளும் கொடுத்து அனுப்புவதில்லை என்பதுதான் குறை.

அந்தத் தாளில் நிறைய எழுத வேண்டியதில்லை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த ஒரு வழக்கம் உண்டு. நான்கே விஷயம்: இப்போது என்ன நிலைமை, முன்கதை என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். “35 வயது, ஜீப் விபத்து, ஒரு மணி நேரத்துக்கு முன், சர்க்கரை உண்டு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று சந்தேகம், ஸ்கேனும் சர்ஜனும் தயாராக வேண்டும்.” முப்பது விநாடி. போனிலேயே சொல்லிவிடலாம்.

சான்றிதழ்கள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தர உறுதித் திட்டம் 2013இலிருந்து, சுத்தத்துக்குக் காயகல்ப் 2015இலிருந்து, பிரசவ அறைக்கு லக்‌ஷ்யா 2017இலிருந்து இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாம் நல்லவை; கைகழுவும் தொட்டி இருக்கிறதா, மருத்துவக் கழிவு பிரிக்கிறார்களா என்று வருடாவருடம் யாரோ வந்து பார்ப்பதால்தான் நிலைமை முன்பைவிடத் தேவலை. ஆனால் அந்த மதிப்பெண் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி. நோயாளியோ ஒரு கட்டடத்தில் தங்கிவிடுபவர் இல்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த 14 இலக்க ஆபா என்ற மருத்துவக் கணக்கு எண், எந்த மாநிலத்தில் பார்த்தாலும் குறிப்புகள் பின்னாலேயே வரும் என்று சொன்னது. எண் வைத்திருப்பவர்கள் நிறைய. நான் பார்த்தவரையில் அது ஓபி சீட்டை வரிசையில் நிற்காமல் வாங்கத்தான் உதவுகிறது.

குறிப்புகள் அப்படிப் பின்னாலேயே வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வளைகாப்புக்கு முன்னால் மேலே இருக்கும் ஆஷா பணியாளரிடம் சொல்லி, ரத்த வகை, சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ஸ்கேன், போட்ட ஊசி, போடாத ஊசி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதி வாங்கலாம். கீழே இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணை ஆஷாவிடம் கொடுக்கலாம். மாத்திரையை உதிரியாக மடித்துக்கொண்டு போகாமல் அட்டையோடு கொண்டுபோனால் இரட்டை மருந்து டாக்டரின் கண்ணில் பட்டுவிடும். இன்சுலின் குப்பியையும் ஊசியையும் ஒரே கடையில், இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நிபா, கொரோனா காலங்களில் சோதனைச் சாவடியில் வண்டி வண்டியாக நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். நோய் தாண்டாமல் காக்க ஆள் போட முடிந்த இடத்தில், தகவல் தாண்டவும் ஆள் போட முடியும். இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து உட்காருவதும் புதிதில்லை. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும்போது ஒவ்வொரு வருடமும் கூட்டம் போட்டு ஜீப், குடிநீர், மருத்துவ முகாம், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடிக்கிறார்கள். அதே கூட்டத்தில் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வருடம் முழுவதற்கும் ஒரு பட்டியல் தயாராகிவிடும்: இரண்டு பக்கத்துப் பிரசவ வார்டுகளின் எண்கள், விபத்துப் பிரிவின் டூட்டி டாக்டர் எண், வென்டிலேட்டர் காலியா என்று கேட்க வேண்டிய எண், ரத்த வங்கி எண். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று சாவடிகளிலும் ஒவ்வொரு 108 வண்டியிலும் ஒட்டலாம். செலவு, அச்சுக்கூலிதான்.